நல்லதை மட்டும் எடுத்தால் மிஞ்சுவது எது?

"காட்டை நாங்கள் அழிக்கவில்லை; தேர்ந்தெடுத்துச் சில மரங்களை மட்டும்தான் வெட்டினோம்." இப்படி ஒருவர் சொன்னால் கேட்பவருக்கு நிம்மதியாக இருக்கும். "குஞ்சுகளைத் தொடுவதே இல்லை, பெரிய மீன்களை மட்டும்தான் பிடிக்கிறோம்" என்றால் அந்த நிம்மதி இன்னும் கூடும். தேர்ந்தெடுத்து எடுப்பது என்றாலே அளவோடு எடுப்பது, அக்கறையோடு எடுப்பது என்று நாமாகவே பொருள் கொண்டுவிடுகிறோம்.

எவ்வளவு எடுத்தார்கள் என்று கேட்கப் பழகியிருக்கிறோம். எதை எடுத்தார்கள், எதை விட்டுவைத்தார்கள் என்று கேட்பவர்கள் குறைவு. நூறு மரங்களில் பத்தை வெட்டினாலும் காடு கெட்டுப்போகலாம். அறுபதை வெட்டியும் காடு செழிக்கலாம். எந்தப் பத்து, எந்த அறுபது என்பதைப் பொறுத்தது அது. இந்த ஒரு விஷயம் புரியாததால்தான் நல்லெண்ணம் கொண்டவர்களும் கெடுதலான வழிமுறைகளைப் பாராட்டிக்கொண்டிருக்கிறார்கள்.

ஒரு காட்டிலோ கடலிலோ மலையிலோ சுரங்கத்திலோ இருப்பவற்றில் மிகச் சிறந்தவற்றை மட்டும் தேடி எடுத்துக்கொண்டு, தரம் குறைந்தவற்றை அப்படியே விட்டுவிடுவதற்கு ஹை-கிரேடிங் என்று பெயர். தமிழில் உயர்தரப் பொறுக்கல் என்று சொல்லலாம். இந்தக் கட்டுரையில் சுருக்கமாகப் 'பொறுக்கல்' என்றே எழுதுகிறேன்.

## ஒரு பழக் குவியலிலிருந்து தொடங்குவோம்

காலையில் கொட்டிய பழக் குவியலை நினைத்துக்கொள்ளுங்கள். வருகிறவர்கள் எல்லாம் நல்லதாகப் பார்த்து எடுத்துப் போகிறார்கள். மாலையில் பார்த்தால் குவியலில் பாதிக்கு மேல் இன்னும் இருக்கிறது. எண்ணிக்கையில் பெரிய இழப்பு இல்லை. ஆனால் மிஞ்சியவை எல்லாம் அடிபட்டவை, வெம்பியவை. இப்போது குவியலின் மதிப்பு என்ன?

பொறுக்கலின் முதல் விளைவு இதுதான். எண்ணிக்கை குறைவதைவிட வேகமாகச் சராசரித் தரம் குறைகிறது. இதைப் புரிந்துகொள்ளக் கல்வி எதுவும் தேவையில்லை, எல்லாருக்கும் தெரிந்ததுதான்.

ஆனால் இந்த உவமை ஓர் எல்லைக்கு மேல் உதவாது. மாலையில் மிஞ்சிய பழங்கள் மறுநாள் குட்டி போடப்போவதில்லை. புதிய குவியல் வேறு இடத்திலிருந்து வரும். காட்டுக்கும் கடலுக்கும் அப்படிப் புதிய சரக்கு வந்து இறங்காது. இன்று மிஞ்சியவைதான் வளர்ந்து, விதை போட்டு, முட்டையிட்டு நாளைய காட்டையும் கடலையும் உண்டாக்க வேண்டும். ஆகவே பழக் குவியலோடு இன்னோர் உவமையையும் சேர்த்துக்கொள்ள வேண்டும். பயிரிடுகிற எவரும் விளைந்ததில் நல்ல கதிர்களைத்தான் விதைக்கு ஒதுக்குவார்கள். நல்லதையெல்லாம் விற்றுவிட்டுப் பதரை விதைக்கு வைத்துக்கொள்பவரை யாராவது பார்த்திருக்கிறோமா? பொறுக்கல் செய்வது அதைத்தான்.

## உயிரில்லாத வளம்: சுரங்கம்

வளராத, பெருகாத வளத்தில் பொறுக்கல் எப்படி வேலை செய்கிறது என்று முதலில் பார்த்துவிடலாம். அது எளிது.

தாதுப்பாறை எல்லா இடத்திலும் ஒரே தரத்தில் இருப்பதில்லை. ஒரு தங்கச் சுரங்கத்தில் ஒரு பகுதியில் டன்னுக்கு 20 கிராம் தங்கமும் சுற்றியுள்ள பகுதியில் டன்னுக்கு 3 கிராமும் இருப்பதாக வைத்துக்கொள்வோம். இரண்டையும் கலந்து எடுத்தால் சராசரி செலவைத் தாண்டி நிற்கும், இரண்டும் பயன்படும். அவசர லாபத்துக்காக 20 கிராம் பகுதியை மட்டும் தோண்டி எடுத்துவிட்டால்? மிஞ்சிய 3 கிராம் பாறைக்காக மறுபடி சுரங்கம் திறக்கவும் தண்ணீர் இறைக்கவும் கூரை தாங்கவும் ஆகும் செலவுக்கு அந்தத் தங்கம் போதாது. பாறைக்குள் தங்கம் இருக்கிறது. ஆனால் யாரும் அதை எடுக்கப்போவதில்லை. எந்தத் தரத்துக்குக் கீழே போனால் எடுப்பது நட்டமோ அந்த எல்லையை வெட்டுத்தரம் என்கிறார்கள். நல்லதை முதலில் உருவிவிட்டால், மிஞ்சியதெல்லாம் வெட்டுத்தரத்துக்குக் கீழே போய்விடுகிறது.

ஹை-கிரேடிங் என்ற சொல்லுக்குச் சுரங்கத் தொழிலில் இன்னொரு பொருளும் உண்டு. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அமெரிக்காவின் நெவாடா மாநிலத்தில் கோல்ட்ஃபீல்ட் என்ற ஊரின் சுரங்கங்களில் தாது அவ்வளவு வளமாக இருந்தது. தொழிலாளர்கள் நல்ல கற்களை உடைக்குள் மறைத்து வெளியே கொண்டுபோனார்கள். அந்தத் திருட்டுக்கும் இதே பெயர்தான். உடை மாற்றும் அறைகளை முதலாளிகள் கட்டாயமாக்கியது அங்கே பெரிய தொழில் தகராறாகவே வளர்ந்தது. ஒரே சொல் திருட்டையும் குறிக்கிறது, சட்டப்படி நடக்கும் ஒரு தோண்டும் முறையையும் குறிக்கிறது என்பது எனக்கு ஆழமான உண்மையாகப் படுகிறது. இரண்டிலும் நல்லதை எடுத்துக்கொண்டு போகிறவர் ஒருவர். மட்டமானதோடு மல்லுக்கட்ட வேண்டியவர் வேறொருவர்.

## வளரும் வளம்: காடு

காட்டுக்கு வருவோம். இங்கேதான் குழப்பம் மிக அதிகம்.

வெட்டுகிறவர்கள் வழக்கமாகச் சொல்லும் நியாயம் இது: "பெரிய மரங்களை எடுத்துவிட்டால் வெளிச்சம் உள்ளே விழும். சின்ன மரங்கள் இளையவை. அவை சீக்கிரம் வளர்ந்து அந்த இடத்தைப் பிடித்துக்கொள்ளும்." கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. இதில் ஒரு தவறான நம்பிக்கை ஒளிந்திருக்கிறது: சின்ன மரம் என்றால் இளைய மரம்.

குளிர்நாட்டுக் காடு ஒன்றில் வெட்டிய அடிமரத்தின் அருகில் குனிந்து பாருங்கள். வெட்டுமுகத்தில் வட்டம் வட்டமாக வளையங்கள் தெரியும். ஆண்டுக்கு ஒன்று. பருமனான மரத்தில் வளையங்கள் விரல் நுனியால் பிரித்தறியும் அளவுக்கு அகலமாக இருக்கும். பக்கத்தில் நிற்கும் மணிக்கட்டுப் பருமன் மரத்தை எடுத்துக்கொள்வோம். அதை வெட்டாமலேயே வயதைப் பார்க்க முடியும். உள்ளீடற்ற ஒரு துளைக்கருவியைத் தண்டுக்குள் திருகினால் பென்சிலைவிட மெல்லிய ஒரு மரத்துண்டு வெளியே வரும். அதிலுள்ள கோடுகளை எண்ண உருப்பெருக்கிக் கண்ணாடி வேண்டியிருக்கும். அவ்வளவு நெருக்கமாக, தாளின் ஓரங்களைப் போல அடுக்கியிருக்கும். எண்ணி முடித்தால் பல காடுகளில் இரண்டுக்கும் வயது ஒன்றாகவே வரும். ஒன்று ஓடிய ஓட்டத்தில் மற்றொன்று நின்றுவிட்டது, அவ்வளவுதான்.

ஒரே காலத்தில் முளைத்த மரங்கள் நிறைந்த காட்டுக்கு ஒத்தவயதுக் காடு என்று பெயர். தீயோ புயலோ மொத்த வெட்டோ நடந்த பிறகு எழுந்த காடுகள் பெரும்பாலும் இப்படித்தான். அங்கே வெளிச்சத்துக்கான போட்டியில் முந்தியவை மேலே தலைவிரித்து நிற்கின்றன. பிந்தியவை அவற்றின் நிழலில் ஒடுங்கி நிற்கின்றன. முந்தியவற்றை வெட்டிவிட்டு ஒடுங்கியவற்றுக்கு வெளிச்சம் கொடுத்தால் அவற்றில் பல பதில் சொல்வதே இல்லை. இலைக்கூட்டம் சுருங்கி, தண்டு வளைந்து, பல ஆண்டுகள் நோயோடு போராடியவை அவை. சில இனங்கள் நிழலிலிருந்து மீண்டு நன்றாக வளரவும் கூடும் என்பது உண்மை. ஆனால் எவை மீளும் என்று பார்க்காமல், குறிப்பிட்ட பருமனைத் தாண்டியவற்றையெல்லாம் வெட்டிவிடு என்று ஒரே விதி வைத்தால் காட்டில் மிஞ்சுவது தோற்றவர்களின் கூட்டம்.

இன்னொரு மாற்றமும் நடக்கிறது. விலை உயர்ந்த இனத்தை மட்டும் எடுத்துக்கொண்டே போனால், விலையில்லாத இனம் அந்த இடத்தைப் பிடிக்கிறது. வட அமெரிக்காவின் கிழக்குப் பகுதியில் ஓக் மரங்களை இப்படி எடுத்த பல காடுகளில் நிழலைத் தாங்கும் சிவப்பு மேப்பிளும் பீச்சும் பெருகின. காடு பச்சையாகவே இருக்கிறது. வானிலிருந்து எடுத்த படத்தில் எந்தக் காயமும் தெரியாது. மொட்டை அடித்த காட்டைப் பார்த்தவுடன் கோபம் வருகிறது. பொறுக்கப்பட்ட காட்டைப் பார்த்து யாருக்கும் கோபம் வருவதில்லை. எனக்கு மிகவும் கவலை தருவது இதுதான்.

நல்ல மரத்தைத் தேடி எடுக்கும் வழக்கம் புதிதல்ல. கப்பல்களின் பாய்மரத் தூண்களுக்காக வட அமெரிக்காவின் வெள்ளை பைன் மரங்களைப் பிரிட்டிஷ் அரசு குறிவைத்தது. 1691-இல் மாசசூசெட்ஸ் குடியேற்றத்துக்குத் தந்த அரச சாசனம், 24 அங்குல விட்டமும் அதற்கு மேலும் உள்ள மரங்களை அரசனுக்கென ஒதுக்கியது. அத்தகைய மரங்களின் பட்டையில் அம்பு வடிவக் குறியைக் கோடரியால் செதுக்கி வைத்தார்கள்.

காட்டில் பொறுக்கலால் மரங்களின் மரபும், அதாவது விதை வழியே சந்ததிக்குப் போகும் பண்புகளும், கெடுகிறதா என்ற கேள்விக்கு இங்கே நிதானம் தேவை. ஒரு மரம் நேராக வளர்வதற்கு அதன் மரபு ஒரு காரணம்தான். மண், நீர், வெளிச்சம், பக்கத்து மரம் எல்லாமே அதை வடிவமைக்கின்றன. மகரந்தம் வெகுதூரம் பறந்து வருகிறது. தலைமுறை மாறப் பல பத்தாண்டுகள் ஆகின்றன. எனவே ஓரிரு வெட்டுகளில் காட்டின் மரபே சீரழிந்துவிட்டது என்று சொல்வது மிகை. காட்டில் கண்முன் நடக்கும் சேதம் வேறு: வேகமாக வளரும் மரங்கள் போய்விட்டன, எனவே காடு முன்போல வளர்வதில்லை. வங்கியில் போட்ட அசல் பணத்தை எடுத்துச் செலவழித்துவிட்டு வட்டி வரவில்லையே என்று காத்திருப்பது போன்றது இது.

இதுவரை பார்த்தது: சுரங்கத்தில் பொறுக்கினால் மிஞ்சியது விலைபோகாது. காட்டில் பொறுக்கினால் மிஞ்சியது வளராது. சின்னது என்பதால் இளையது என்று பொருளில்லை. அடுத்து வருவது, மிஞ்சியவற்றின் சந்ததியே மாறிப்போகும் கதை.

## பெருகும் வளம்: கொம்பு பெரிதாக இருந்ததே குற்றம்

விலங்குகளில் பொறுக்கலைப் புரிந்துகொள்ள ஒரு சொல் வேண்டும்: மரபுப்பேறு. ஒரு கூட்டத்தில் உயரம், எடை, கொம்பு நீளம் போன்ற ஏதாவது ஒன்றில் உயிருக்கு உயிர் வேறுபாடு இருக்கும். அந்த வேறுபாட்டில் எவ்வளவு பங்கு மரபால் வந்தது, எவ்வளவு பங்கு உணவு, தட்பவெப்பம் போன்றவற்றால் வந்தது என்று பிரித்தால், மரபால் வந்த பங்குக்குத்தான் மரபுப்பேறு என்று பெயர். அது சுழியாக இருந்தால் எவ்வளவு பொறுக்கினாலும் அடுத்த தலைமுறையில் மரபுவழி மாற்றம் வராது. அது கணிசமாக இருந்தால், பெரியவற்றை எடுக்க எடுக்கச் சின்னவற்றின் பிள்ளைகளே பெருகும்.

கனடாவின் ஆல்பர்ட்டா மாகாணத்தில் ராம் மலை என்று ஒன்று இருக்கிறது. அங்கே வாழும் பெருங்கொம்புச் செம்மறிகளை ஆய்வாளர்கள் பல பத்தாண்டுகளாக ஒவ்வொன்றாக அடையாளமிட்டுத் தொடர்ந்து அளந்து வந்திருக்கிறார்கள். யாருக்கு யார் தாய், யார் தந்தை என்பது வரை தெரியும். கிடாக்களைச் சுடலாமா கூடாதா என்பதை முடிவு செய்தது கொம்பின் வளைவு. பக்கவாட்டில் நிற்கும் கிடாவின் கொம்பு அடியின் முன்முனையிலிருந்து கொம்பு நுனிவரை மனத்துக்குள் ஒரு நேர்கோடு இழுத்துப் பாருங்கள். அந்தக் கோடு கண்ணின் முன்விளிம்பைத் தாண்டி விழுந்தால் சுடலாம், தாண்டாவிட்டால் சுடக்கூடாது. இளங்கிடாக்களைக் காப்பாற்ற வேண்டும் என்ற நல்ல நோக்கத்தில் வந்த விதிதான்.

விதி என்ன செய்தது என்று பாருங்கள். கொம்பு வேகமாக வளரும் கிடா நான்கு வயதிலேயே அந்தக் கோட்டைத் தாண்டிவிடும். கொம்பு மெதுவாக வளரும் கிடாவோ பல ஆண்டுகள் கழித்துத்தான் தாண்டும். சில கிடாக்கள் தாண்டுவதே இல்லை. பெரிய கொம்பு ஒரு கிடாவுக்கு உண்மையில் பயன்படுவது ஆறு, ஏழு வயதுக்கு மேல், மற்றக் கிடாக்களோடு முட்டி மோதிப் பெண் ஆடுகளை வெல்லும்போதுதான். அந்த வயது வருவதற்கு முன்பே அவை சுடப்பட்டுவிட்டன. பெரிய கொம்பின் செலவு முழுவதையும் சுமந்து, வரவைப் பார்க்காமலேயே போய்ச் சேர்ந்தன. சின்னக் கொம்புக் கிடாக்கள் உயிரோடிருந்து தந்தையாயின.

2003-இல் வெளியான ஆய்வு, ஏறத்தாழ முப்பது ஆண்டுகளில் கிடாக்களின் கொம்பும் எடையும் குறைந்துவிட்டதைக் காட்டியது. ஆண்டுதோறும் சுடப்பட்டவை மிகச் சிலவே. யாரும் மந்தையை அழிக்கவில்லை. இந்தச் சுருக்கத்தில் எவ்வளவு பங்கு மரபால், எவ்வளவு பங்கு மேய்ச்சல் நெருக்கடியால் என்று அறிவியலாளர்களிடையே கடுமையான விவாதம் நடந்தது. 2016-இல் இன்னும் நீண்ட காலத் தரவோடு வந்த ஆய்வு, மரபுப் பங்கு இருப்பதை உறுதிப்படுத்தியது. 1996-இல் விதி கடுமையாக்கப்பட்டு வேட்டை குறைந்ததும் மரபுவழிச் சரிவு நின்றதையும் அது காட்டியது. சரிவு நின்றது, ஆனால் கொம்பு பழைய நீளத்துக்கு எழும்பவில்லை. இறங்கிய வேகத்தில் ஏற முடியாது என்பதை அந்த மலை ஆட்டின் கொம்பில் படிக்கலாம்.

## தந்தமில்லாமல் பிறந்த யானைகள்

மொசாம்பிக் நாட்டின் கோரோங்கோசா தேசியப் பூங்காவில் நடந்தது இன்னும் கொடியது. 1977 முதல் 1992 வரை நடந்த உள்நாட்டுப் போரில் இரு தரப்புப் படைகளும் தந்தத்துக்காக யானைகளைக் கொன்றன. யானைகளின் எண்ணிக்கை 90 சதவீதத்துக்கு மேல் சரிந்தது. போருக்கு முன் பெண் யானைகளில் தந்தமில்லாதவை 18.5 சதவீதம், போருக்குப் பின் அது 50.9 சதவீதம். தந்தமில்லாததால் சுடப்படாமல் தப்பியவை அவை. போருக்குப் பின் பிறந்த பெண் கன்றுகளிலும் ஏறத்தாழ மூன்றில் ஒன்றுக்குத் தந்தம் முளைக்கவில்லை.

2021-இல் வெளியான ஆய்வு இதன் மரபுக் காரணத்தைத் தேடியது. தந்தமின்மைக்குக் காரணமான மாற்றம், ஆணா பெண்ணா என்பதோடு தொடர்புடைய எக்ஸ் குரோமோசோமில் இருப்பதாகத் தெரிந்தது. பெண் யானைக்கு எக்ஸ் இரண்டு. ஒன்றில் மாற்றம் இருந்தாலும் மற்றது காப்பாற்றும். ஆண் யானைக்கு எக்ஸ் ஒன்றே. மாற்றத்தைப் பெறும் ஆண் கரு பிழைப்பதில்லை என்பதையே சான்றுகள் காட்டுகின்றன. தந்தமில்லாத தாய்களுக்குப் பிறந்த கன்றுகளில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பெண்களாக இருந்தது இதனால்தான். துப்பாக்கியிடமிருந்து தாயைக் காப்பாற்றிய அதே மாற்றம் அவளுடைய ஆண் கன்றுகளைக் கருவிலேயே கொல்கிறது. தந்தம் யானைக்கு அலங்காரமும் இல்லை; வேர் தோண்டவும் பட்டை உரிக்கவும் அதைத்தான் பயன்படுத்துகிறது.

தாவரங்களும் தப்பவில்லை. திபெத்தியப் பகுதி மலைகளில் மருந்துக்காகப் பறிக்கப்படும் பனித்தாமரையில் பறிப்பவர்கள் உயரமான செடியையே தேடுவார்கள். அருங்காட்சியகங்களில் உலர்த்தி வைத்திருந்த நூறாண்டுப் பழைய செடிகளோடு ஒப்பிட்டபோது, அதிகம் பறிக்கப்பட்ட இனம் குட்டையாகியிருந்தது. அதிகம் பறிக்கப்படாத உறவு இனத்தின் உயரம் மாறவில்லை.

## கடலில் இருவிதப் பொறுக்கல்

மீன்பிடியில் பொறுக்கல் என்ற சொல் இரண்டு வெவ்வேறு செயல்களைக் குறிக்கிறது. படிப்பவர்கள் இரண்டையும் கலந்துவிடுகிறார்கள்.

முதலாவது, பெரிய மீன்களை மட்டும் பிடிப்பது. சின்னவை நழுவிப்போகும் வலைக்கண்ணும், குறிப்பிட்ட நீளத்துக்குக் குறைந்ததைப் பிடிக்கக்கூடாது என்ற விதியும் இதைத்தான் செய்கின்றன. அமெரிக்க ஆய்வாளர்கள் இருவர் 2002-இல் வெளியிட்ட ஒரு சோதனை இதைத் துல்லியமாகக் காட்டியது. ஓராண்டே வாழும் அட்லாண்டிக் சில்வர்சைட் என்ற சிறு மீனைத் தொட்டிகளில் வளர்த்தார்கள். ஒவ்வொரு தலைமுறையிலும் 90 சதவீத மீன்களை எடுத்தார்கள். எல்லாத் தொட்டிகளிலும் அளவு ஒன்றுதான். ஆனால் சில தொட்டிகளில் பெரியவற்றை எடுத்தார்கள், சிலவற்றில் சிறியவற்றை எடுத்தார்கள், சிலவற்றில் கண்ணை மூடிக்கொண்டு கலந்து எடுத்தார்கள்.

முதல் தலைமுறையில் பெரியவற்றை எடுத்த தொட்டிகளே அதிக எடை தந்தன. அதில் வியப்பில்லை. நான்கே தலைமுறைகளில் நிலைமை தலைகீழானது. சிறியவற்றை எடுத்துவந்த தொட்டி மீன்களின் சராசரி எடை, பெரியவற்றை எடுத்துவந்த தொட்டி மீன்களைப் போல ஏறக்குறைய இரண்டு மடங்கு. எடுத்த பங்கு சமம், தண்ணீர் சமம், தீனி சமம். எதை எடுத்தார்கள் என்பது மட்டும்தான் வேறு. இந்தச் சோதனையை நான் யாரைச் சந்தித்தாலும் சொல்வேன். கட்டுரையின் தொடக்கத்தில் எழுப்பிய கேள்விக்கு இதைவிடத் தெளிவான விடை எனக்குத் தெரியாது.

பெரிய மீனை இழப்பதில் மரபைத் தவிர இன்னோர் இழப்பும் உண்டு. பெரிய பெண் மீன் இடும் முட்டைகள் அதன் எடைக்கு நேர் விகிதத்தில் இருப்பதில்லை, அதைவிட அதிகம். குளிர்கடலில் வாழும் காட் என்ற இனத்தில் 30 கிலோ எடையுள்ள ஒரு மீன், 2 கிலோ மீன்கள் 28 சேர்ந்து இடும் அளவு முட்டைகளை இடும் என்று 2018-இல் ஓர் ஆய்வு கணக்கிட்டது. 28 சின்ன மீன்களின் மொத்த எடை 56 கிலோ! ஆகவே ஒரு கிழட்டுப் பெரிய மீனை விட்டுவைப்பது வீண் தாராளம் இல்லை.

இரண்டாவது வகைப் பொறுக்கல் படகின் மேல்தளத்தில் நடக்கிறது. சில நாடுகளில் ஒவ்வொரு படகும் இத்தனை டன் கரைக்குக் கொண்டுவரலாம் என்று பங்கு ஒதுக்குகிறார்கள். அதற்குப் பங்களவு என்று பெயர். கணக்கு கரையில்தான் எடுக்கப்படுகிறது. பெரிய மீனுக்கு விலை அதிகம் என்றால் மீனவர் என்ன செய்வார்? பங்களவைச் சின்ன மீனால் நிரப்ப மனம் வராது. காலையில் பிடித்த சின்னவற்றைக் கடலில் வீசிவிட்டு மாலையில் கிடைத்த பெரியவற்றை வைத்துக்கொள்வார்.

வீசிய மீன் பிழைத்துக்கொள்ளும் என்றுதான் கரையில் இருப்பவர்கள் நினைக்கிறார்கள். காட் போன்ற மீனின் வயிற்றுக்குள் காற்று நிறைந்த ஒரு பை இருக்கிறது. நீரில் மிதக்க உதவுவது அது. ஆழத்திலிருந்து வலை விரைவாக மேலே வரும்போது நீரின் அழுத்தம் குறைந்து அந்தப் பை ஊதிப் பெருக்கிறது; சில சமயம் வெடிக்கிறது, சில சமயம் இரைப்பையை வாய்வழியே தள்ளுகிறது. வலையின் இறுக்கமும் தளத்தில் கிடந்த நேரமும் சேர்கின்றன. வீசப்படுபவற்றில் பெரும்பங்கு செத்தவை, அல்லது சாகப்போகிறவை. காகிதத்தில் படகு 10 டன் பிடித்திருக்கும். கடல் இழந்தது அதைவிட அதிகம். இதனால்தான் நார்வே 1987-இலேயே காட், ஹேடாக் மீன்களைக் கடலில் வீசுவதைத் தடை செய்தது. ஐரோப்பிய ஒன்றியம் 2015 முதல் 2019 வரை படிப்படியாக, பங்களவுக்கு உட்பட்ட மீன்களைப் பிடித்தால் கரைக்குக் கொண்டுவந்தே ஆகவேண்டும் என்ற விதியை நடைமுறைக்குக் கொண்டுவந்தது.

இதுவரை பார்த்தது: மரபுப்பேறு உள்ள பண்பைக் குறிவைத்துப் பொறுக்கினால் அடுத்த தலைமுறை மாறும். மாறியதை மீட்க நீண்ட காலம் வேண்டும். கடலில் பொறுக்கல் என்றால் பெரியதை மட்டும் பிடிப்பதாகவும் இருக்கலாம், பிடித்ததில் சின்னதை வீசுவதாகவும் இருக்கலாம்.

## "இயற்கையும் பொறுக்கத்தானே செய்கிறது?"

இந்தக் கேள்வி எப்போதும் வரும். ஓநாயும் சிறுத்தையும் கூடத் தேர்ந்தெடுத்துத்தான் வேட்டையாடுகின்றன. உண்மை. ஆனால் அவற்றிடம் எளிதில் மாட்டுபவை குட்டிகள், நோயாளிகள், கிழடுகள். இனப்பெருக்கத்தின் உச்சத்தில் இருக்கும் வலுவான விலங்கைத் துரத்துவது அவற்றுக்கே ஆபத்து. துப்பாக்கியும் இழுவலையும் வைத்திருக்கும் மனிதனுக்கு அந்த ஆபத்து இல்லை. முதிர்ந்த இரையை மனிதன் எடுக்கும் விகிதம் மற்ற வேட்டை விலங்குகளின் விகிதத்தைப் போல 14 மடங்கு வரை இருக்கிறது என்று 2015-இல் ஓர் உலகளாவிய ஒப்பீடு காட்டியது.

இன்னொரு குழப்பம், மரப்பண்ணைக்காரர்கள் செய்யும் தேர்வைப் பற்றியது. அவர்களும் காட்டில் மிகச் சிறந்த மரத்தைத் தேடுகிறார்கள். தேடிக் கண்டுபிடித்து அதிலிருந்து விதையும் ஒட்டுக்கிளையும் எடுக்கிறார்கள், மரம் நிற்கிறது. கண் ஒரே இடத்தில் விழுகிறது. கை செய்யும் வேலை நேர் எதிர்.

அப்படியானால் நல்ல மரத்தை எப்போதுமே வெட்டக்கூடாதா? அப்படிச் சொல்லமாட்டேன். அது வளர்ந்து முடிந்து, விதை போட்டு, அதன் கன்றுகள் கீழே எழுந்து நிற்கும் காட்டில் அதை வெட்டுவதில் தவறில்லை. பல வயது மரங்களும் கலந்து நிற்கும் காட்டில், ஒவ்வொரு வயதிலும் மட்டமானவற்றையும் சேர்த்து எடுத்து நல்லவற்றை விட்டுவைக்கும் பழைய வனவியல் முறை ஒன்று இருக்கிறது. அதையும் தேர்வு வெட்டு என்றே அழைக்கிறார்கள். பொறுக்கலையும் தேர்வு வெட்டு என்கிறார்கள். பெயர் ஒன்றாக இருப்பதால் மட்டும் ஏமாந்து போகிறவர்கள் எத்தனை பேர்!

## முதலில் விடுவதை முடிவு செய்தல்

மாற்று முறைகள் எல்லாவற்றுக்கும் பொதுவான ஒரு பண்பு உண்டு. எதை எடுப்பது என்று தொடங்காமல், எதை விடுவது என்று தொடங்குகின்றன. ஜெர்மனியின் வனக்காரர்கள் காட்டுக்குள் போனதும் முதலில் குறியிடுவது வெட்டப்போகும் மரத்தில் இல்லை. நேராக, வலுவாக, நல்ல தலையோடு நிற்கும் மரங்களைத் தேர்ந்து 'எதிர்கால மரம்' என்று அடையாளமிடுகிறார்கள். பிறகு அந்த மரத்தின் வெளிச்சத்துக்குப் போட்டியாக நிற்கும் பக்கத்து மரங்களை வெட்டி விற்கிறார்கள். முதல் வெட்டுகளில் வருமானம் குறைவு. அதை மறைத்துப் பயனில்லை. பொறுக்கலின் கவர்ச்சியே முதல் ஆண்டு வருமானம்தான்.

மீன்பிடியில் கீழெல்லையோடு மேலெல்லையும் வைக்கும் முறை பல இடங்களில் இருக்கிறது. சின்னதையும் விடு, மிகப் பெரியதையும் விடு, நடுத்தரத்தை எடு. அமெரிக்காவின் மேய்ன் மாநிலத்தில் கல்இறால் பிடிப்பவர்களிடம் அதற்கென ஓர் உலோக அளவுகோல் இருக்கும். கண்குழியின் பின்விளிம்பிலிருந்து முதுகோட்டின் கடைசி வரை வைத்துப் பார்ப்பார்கள். மூன்றேகால் அங்குலத்துக்குக் குறைந்தால் கடலுக்கு. ஐந்து அங்குலத்தைத் தாண்டினாலும் கடலுக்கு.

வயிற்றின் அடியில் முட்டைக் கொத்தோடு ஒரு பெண் இறால் பொறியில் ஏறினால், அளவு எதுவானாலும் வைத்துக்கொள்ள முடியாது. மீனவர் அதைத் திருப்பிப் பிடித்து, வால்துடுப்புகளில் ஒன்றின் விளிம்பில் ஒரு சிறு வி வடிவ வெட்டுப் போட்டுக் கடலில் விடுகிறார். முட்டைகள் பொரிந்து போய்விடும். வெட்டு அடுத்த தோலுரிப்புகளுக்குப் பிறகும் சில காலம் தெரியும். அடுத்த ஆண்டு வேறொரு படகில், வேறொரு கையில் அதே இறால் ஏறும். அப்போது அதன் வயிற்றில் முட்டை இருக்காது, எடையும் விலையும் நன்றாக இருக்கும். அந்த மீனவர் வாலை விரித்துப் பார்க்கிறார். வெட்டு இருந்தால் மறுபடியும் தண்ணீருக்குள் இறக்கிவிடுகிறார்.